உள்விசாரணையில் கேள்வி கேட்பவர் எப்படித் தயாராக வேண்டும்?

நிறைமதி கேட்கிறார்:

வணக்கம். நிறுவனம் ஒன்றின் உள்விசாரணைக் குழுவில் கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு. கிடங்கில் பதிவேட்டு இருப்பும் கையிருப்பும் பொருந்தவில்லை. சாவி அட்டை வைத்திருந்த ஊழியர் ஒருவர் மேல் சந்தேகம் எழுந்திருக்கிறது. அவரைத் தவிர நான்கு சாட்சிகள் இருக்கிறார்கள். ஆவணங்கள் என்று பார்த்தால் மின்னணுப் பூட்டின் பதிவு, வாயில் பதிவேடு, சரக்கு வெளியே போனதற்கான இரண்டு சீட்டுகள்.

யாரை முதலில் கூப்பிட வேண்டும்? ஆவணங்களை எப்போது காட்ட வேண்டும்? கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பது சரியா? பொய் சொல்கிறார் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கடைசியில் அவர் ஒப்புக்கொண்டால்தான் விசாரணை முடிந்ததாக அர்த்தமா? பயிற்சி உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கதிரோன்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற நான்குக்கும் விடை அதற்குள் இருக்கிறது. ஒப்புதல் வாங்குவதை இலக்காக வைத்தால் எல்லாக் கேள்விகளும் அந்தப் பக்கமே சாயும். எதிரே இருப்பவர் சொல்வதில் உங்கள் ஊகத்துக்குப் பொருந்துவது மட்டும் காதில் விழும். தகவல் திரட்டுவதை இலக்காக வையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறை 1990களின் தொடக்கத்தில் இந்த மாற்றத்தைத்தான் செய்தது. குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகச் சிக்கிய கில்ட்ஃபோர்டு நால்வர் 1975ல் தண்டிக்கப்பட்டு 1989ல் விடுதலையானார்கள். இன்னொரு குண்டுவெடிப்பு வழக்கில் அதேபோல் தண்டிக்கப்பட்ட பர்மிங்காம் அறுவரின் விடுதலை 1991ல் வந்தது. இரண்டு வழக்கிலும் காவலில் பெற்ற ஒப்புதல்கள் பெரும் பங்கு வகித்திருந்தன. அந்த அனுபவங்களுக்குப் பிறகு வந்ததுதான் 'பீஸ்' (PEACE, கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற ஐந்து கட்ட முறை: தயாரிப்பு, அறிமுகம், விவரம் கேட்டுத் தெளிவுபடுத்துதல், முடிப்பு, மதிப்பீடு. காவல்துறைக்கு வெளியிலும் பல நாடுகளில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். உங்கள் வேலைக்கும் பொருந்தும்.

பெரும்பாலான விசாரணைகள் தயாரிப்பில்தான் கெட்டுப்போகின்றன. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். இடப்பக்கம் அந்த ஆவணம் சொல்வது. நடுவில், குற்றமில்லாமலும் அது அப்படி இருக்கக்கூடிய காரணங்கள். வலப்பக்கம், அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கேள்விகள், ஆவணம் கையில் இருப்பதை வெளிக்காட்டாமல் கேட்கக்கூடியவை. பூட்டுப் பதிவில் அந்த ஊழியரின் அட்டையால் இரவு 9.40க்குக் கதவு திறந்ததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையை வேறொருவர் இரவல் வாங்கியிருக்கலாம். வேறு வேலையாக உள்ளே போயிருக்கலாம். பூட்டின் கடிகாரமே தவறாக ஓடியிருக்கலாம். கடைசியதை ஆளைக் கூப்பிடும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்: பூட்டு காட்டும் நேரத்தையும் நம்பகமான கடிகார நேரத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் குறித்துக் கையெழுத்திடுங்கள். மற்ற இரண்டுக்குமான கேள்விகள் எளியவை: "அட்டை பணி நேரத்தில் எங்கே இருக்கும்? யாருக்காவது கொடுப்பதுண்டா? கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? பணி முடிந்த பிறகு உள்ளே போக வேண்டிய தேவை என்னென்ன வரும்?"

சாட்சிகளை முதலில் கேளுங்கள், சந்தேகத்துக்குரியவரைக் கடைசியில். சாட்சிகளிலும் சம்பவத்துக்குத் தொலைவில் இருப்பவர் முதலில், நெருங்கியவர் பிறகு. நால்வரையும் ஒரே அறையில் காத்திருக்க வைக்கக் கூடாது. பத்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும், நான்கு நினைவுகள் ஒரே கதையாகிவிடும்.

அறையில் எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி. நேருக்கு நேர் இல்லாமல் சற்றுக் கோணமாகப் போடுங்கள். தண்ணீர், அவர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். குழுவில் மூவர் இருந்தாலும் கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். மூன்றாமவருக்குத் தோன்றுவதைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டட்டும். மூன்று திசையிலிருந்து கேள்வி வந்தால் பதில்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

தொடக்கத்தில் எதற்காகக் கூப்பிட்டோம், யார் யார் இருக்கிறோம், எப்படிப் பதிவு செய்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வேண்டுமானாலும் இடைவேளை கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். கூடவே நான்கு விதிகள்: தெரிந்ததை விடாமல் சொல்லவும், ஊகிக்க வேண்டாம், "தெரியாது" என்பதும் பதில்தான், நான் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்தவும். நான்காவதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். அதிகாரத்தில் இருப்பவரைத் திருத்தலாம் என்று அனுமதி தராத வரை பலர் திருத்தவே மாட்டார்கள்.

பிறகு முதல் கேள்வி. அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "அன்று பணிக்கு வந்ததிலிருந்து கிளம்பியது வரை நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். நான் குறுக்கிட மாட்டேன்." சொன்னபடி குறுக்கிடாமல் இருங்கள். 1987ல் துப்பறிவாளர்களின் ஒலிநாடாக்களை ஆராய்ந்தபோது, சாட்சி பேசத் தொடங்கிச் சராசரியாக 7.5 விநாடியில் குறுக்கீடு வந்திருந்தது. பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கியமான விவரங்கள் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் வருகின்றன.

அவர் முழுதாகச் சொல்லி முடித்ததும் அதைத் தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அட்டை, கிடங்குக்குள் போனது, சீட்டு எழுதியது, கிளம்பியது. ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் "அதை விவரமாகச் சொல்லுங்கள்", பிறகு யார், எங்கே, எப்போது, எப்படி, கடைசியில்தான் ஆம்-இல்லை கேள்வி. ஒரு தலைப்பு வற்றும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அதனால் கேள்விகளை எழுதி வைத்து வரிசையாகப் படிப்பதை நான் ஏற்க மாட்டேன். தலைப்புகளை எழுதி வையுங்கள், கேள்வி அவர் சொன்ன சொல்லிலிருந்து பிறக்கட்டும்.

எல்லாத் தலைப்பும் முடிந்த பின்தான் ஆவணம் மேசைக்கு வர வேண்டும். "நீங்கள் சொன்னது 7 மணிக்குக் கிளம்பியதாக. பூட்டுப் பதிவில் 9.40க்கு உங்கள் அட்டை இருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்குங்கள்." அவ்வளவுதான். குரல் உயர வேண்டாம், "பொய்" என்ற சொல்லே வேண்டாம். விளக்கம் வந்தால் அதையும் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

---

ஆதிரை:

கதிரோன் சொன்னதோடு, கேள்வியின் வடிவம் நினைவை என்ன செய்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 1974ல் வெளியிட்ட சோதனை ஒன்றில் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. ஒரு குழுவிடம் கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் வெறுமனே "இடித்தபோது" என்று. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவின் 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வினைச்சொல் இல்லாத கண்ணாடியைக் கொண்டுவந்துவிட்டது.

தமிழில் விசாரிக்கும்போது இதைவிட நுணுக்கமான பள்ளங்கள் உண்டு. "நீங்கள்தானே பூட்டினீர்கள்?" என்பதில் வரும் "தானே" பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. "யார் பூட்டியது?" என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், "பூட்டியிருந்ததா?" என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்மறைக் கேள்வி கேட்கவே கூடாது. "அன்றைக்கு நீங்கள் கிடங்குக்குப் போகவில்லையா?" என்பதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், போனார் என்றும் எடுக்கலாம், போகவில்லை என்றும் எடுக்கலாம். எழுதுபவர் தன் மனத்தில் இருப்பதை எழுதிவிடுவார்.

"பெட்டியை எடுத்துட்டுப் போனாங்க" என்று சாட்சி சொன்னால் அது மரியாதைக்காக ஒருவரைச் சொன்னதா, பலரைச் சொன்னதா? உடனே "எத்தனை பேர்?" என்று கேளுங்கள். "அவங்க" என்பதற்கும் இதே கதிதான். எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுவது நம் பேச்சு இயல்பு. "வந்து, சொல்லிட்டு, எடுத்துட்டு, கிளம்பியாச்சு" என்றால் நான்கு வினைக்கும் ஆள் யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

"ராத்திரி ஒரு மணிக்கு" என்றால் எந்தத் தேதியின் ராத்திரி? படுக்கப் போகும் முன் வரை பலருக்கு அது முந்தைய நாள்தான். பூட்டுப் பதிவோ நள்ளிரவில் தேதியை மாற்றிவிடும். இந்த ஒரு குழப்பத்தால் உண்மை பேசுபவர்கூட முரண்படுவதுபோல் தெரிவார்.

"வந்தாராம்" என்று சாட்சி சொன்னதை "வந்தார்" என்று ஒருபோதும் எழுதக் கூடாது. பிறர் சொல்லக் கேட்டது என்பதற்கான ஒரே அடையாளம் அந்த "ஆம்". அதைத் தவறவிட்டால் கேள்விப்பட்டவர் நேரில் கண்டவராகிவிடுகிறார். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் "யார் சொல்லி உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டுவிடுங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி பேச்சுத் தமிழில் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. "ஏன் சீட்டு எழுதவில்லை?" என்பதைவிட "சீட்டு எழுதும் வேலை அன்று எப்படி நடந்தது?" என்பது அதிகம் கொண்டுவரும்.

ஒத்துழைக்கும் சாட்சிகளுக்கு, 1980களில் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் உருவாக்கிய நினைவு மீட்பு நேர்காணல் முறை பயன்படும். அந்த இடத்தை மனத்தில் கொண்டுவரச் சொல்வது (வெளிச்சம், சத்தம், எங்கே நின்றார்), அற்பமாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது, பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது. வேறொருவர் கண்ணில் இருந்து பார்க்கச் சொல்லும் நான்காவது உத்தியும் இருக்கிறது. அது ஊகத்துக்குக் கதவு திறக்கும் என்பதால் உங்கள் விசாரணைக்கு வேண்டாம்.

ஒரே கேள்வியை ஒரே சொற்களில் திரும்பக் கேட்காதீர்கள். முதல் பதில் தவறு போலிருக்கிறது என்று நினைத்துச் சிலர் மாற்றிவிடுவார்கள். சிறுவர்களிடமும் பணியில் கீழ்நிலையில் இருப்பவர்களிடமும் இது கூடுதலாக நடக்கும்.

---

நிறைமதி:

இருவருக்கும் நன்றி. "வந்தாராம்" பற்றி யோசித்ததே இல்லை.

குழுவில் உள்ள மூத்த உறுப்பினர் ஒருவர், சந்தேகத்துக்குரியவரை மூன்று நான்கு மணி நேரம் விடாமல் கேட்டால்தான் உண்மை வரும் என்கிறார். "எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், தானாகச் சொல்லிவிடுவார்" என்பதும் அவர் யோசனை. கேமரா எதுவும் அங்கே இல்லை. கண்ணைப் பார்த்தாலே பொய் தெரியும் என்றும் சொல்கிறார். இவருக்கு என்ன பதில் சொல்வது?

---

செங்கோடன்:

அவர் சொல்லும் மூன்றும் மூன்று தனித்தனித் தவறுகள். இரண்டுக்குச் சோதனை முடிவுகளும் மூன்றாவதற்குக் காவல் விதிகளும் பதிலாக இருக்கின்றன.

கண்ணைப் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பது முதலில். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரித் துல்லியம் 54 விழுக்காடு என்று வந்தது. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். பார்வையைத் திருப்புவது, வியர்ப்பது, கால் ஆட்டுவது எல்லாம் பதற்றத்தின் அறிகுறிகள். விசாரணைக்கு உட்கார்ந்த குற்றமற்றவருக்கும் பதற்றம் வரும்.

அடுத்து, இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்வது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். சோல் காசின், கேத்தரின் கீகல் இருவரும் 1996ல் செய்த சோதனையில், மாணவர்கள் கணினியில் எழுத்துகளைத் தட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட விசையைத் தொடக் கூடாது. பிறகு, அதைத் தொட்டதால் கணினி கெட்டுவிட்டது என்று அவர்கள் மேல் பழி போடப்பட்டது. யாரும் தொடவில்லை. ஆனாலும் 69 விழுக்காட்டினர் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்கள். வேகமாகத் தட்டச் செய்து, "நீ தொட்டதை நான் பார்த்தேன்" என்று பொய்ச் சாட்சியும் சேர்த்த குழுவில் அத்தனை பேருமே கையெழுத்திட்டார்கள். அந்தக் குழுவில் பெரும்பாலோர் தாங்கள்தான் செய்தோம் என்று நம்பவும் செய்தார்கள். உங்கள் மூத்த உறுப்பினரின் கேமரா யோசனை இதே வேலையைத்தான் செய்யும். ஒப்புதல் வரலாம். அது யாருடைய ஒப்புதல் என்பது தெரியாமல் போகும்.

நேரம். இங்கிலாந்தின் காவல் விதிகளில், காவலில் இருப்பவருக்கு 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 8 மணி நேர ஓய்வும், விசாரணையின்போது ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒரு சிறு இடைவேளையும் கட்டாயம். உள்விசாரணைக்கு அதையும் குறைத்து, 45 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். களைத்தவர் அந்த அறையிலிருந்து வெளியேற எது வழியோ அதைத் தேர்ந்தெடுப்பார். கையெழுத்து அந்த வழியாகத் தெரிந்தால் கையெழுத்துப் போடுவார்.

"ஒப்புக்கொண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, எல்லோரும் செய்வதுதான்" என்று தணித்துப் பேசுவதும் இதே ஆபத்துதான். குற்றம் சாட்டி எதிர்கொள்வது, மறுப்பை வெட்டுவது, காரணம் கற்பித்துக் கொடுப்பது என்று போகும் ஒன்பது படி ரீட் முறை அமெரிக்காவில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அதில் இந்தத் தணிப்புக்கு முக்கிய இடம் உண்டு. வெளிப்படையாக வாக்குக் கொடுக்காவிட்டாலும், சலுகை உண்டு என்றே விசாரிக்கப்படுபவர் எடுத்துக்கொள்வார் என்பது ஆய்வில் தெரிந்தது.

இன்னொரு விஷயம்: ஒப்புதலில் "குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரம்" இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். கேள்வி கேட்டவர் வாயிலிருந்தே அந்த விவரம் போயிருக்கலாம். நியூயார்க்கில் 1989ல் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் கைதாகித் தண்டிக்கப்பட்ட இளைஞர்கள் பல மணி நேர விசாரணைக்குப் பின் தந்த வாக்குமூலங்கள்தான் காணொளியில் இருந்தன, அதற்கு முந்தைய நேரம் இல்லை. 2002ல் வேறொருவர் ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அவரையே காட்டியதும், ஐவரின் தண்டனையும் நீக்கப்பட்டது. ஆகவே பதிவு செய்தால் முதல் வணக்கத்திலிருந்து செய்யுங்கள். யாருக்கும் சொல்லாத ஒன்றிரண்டு விவரங்களை (சீட்டின் நிறம், எந்த அடுக்கு) குழுவுக்குள்ளேயே பூட்டி வையுங்கள். ஒப்புதல் வந்தால் அவற்றை அவராகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

அழுத்தத்துக்கு மாற்று என்ன என்று உறுப்பினர் கேட்டால், கதிரோன் சொன்ன ஆவணத் தாளைக் காட்டுங்கள். ஸ்வீடனில் காவல் பயிற்சி மாணவர்களை வைத்து மரியா ஹார்ட்விக், பார் ஆன்டர்ஸ் கிரான்ஹாக் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், சான்றைத் திட்டமிட்டுப் பின்னால் காட்டப் பயிற்சி பெற்றவர்கள் 85 விழுக்காடு சரியாகக் கணித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் 56. அங்கே பொய்யைக் காட்டிக்கொடுத்தது முகம் இல்லை, சொன்னதற்கும் சான்றுக்கும் இடையில் இருந்த முரண்பாடு.

---

முகில்வண்ணன்:

சான்றைப் பின்னால் காட்டுவது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. காவல்துறைக்கு அது சரி, உள்விசாரணையில் எல்லை உண்டு. குற்றச்சாட்டு என்ன, எந்தக் காலம், எந்தப் பொருள் என்பதை எழுத்தில், தயாராகப் போதிய அவகாசத்தோடு முன்பே கொடுத்தாக வேண்டும். ஆவணத்தைக் காட்டும் வரிசையை மட்டும்தான் நீங்கள் தீர்மானிக்கலாம். முடிவெடுக்கும் முன் எல்லா ஆவணமும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பதில் சொல்ல நேரமும் தரப்பட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்தவரோ சாட்சியோ குழுவில் இருக்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் பதிலைத் திணிக்கும் கேள்விகளைக் கேட்பதைப் பார்த்து அதே பாணியைப் பின்பற்றுபவர்கள் உண்டு. அது ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைச் சோதிக்கும் வேலை. உண்மை என்னவென்று இன்னும் தெரியாதவருக்கு அந்த ஆயுதம் பயன்படாது.

மூத்த உறுப்பினருக்கு இன்னொரு சான்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளராக இருந்த ஹான்ஸ் ஷார்ஃப், பிடிபட்ட விமானிகளிடம் குரலை உயர்த்தாமல், நட்பாகப் பேசியே தகவல் பெற்றதால் பேர்பெற்றவர். ஐ.நா.வின் முன்னாள் சித்திரவதைத் தடுப்புச் சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மென்டஸ் பெயரால் 2021ல் வெளியான கோட்பாடுகளும் இந்த வழியைத்தான் உலகம் முழுவதுக்கும் பரிந்துரைக்கின்றன.

---

நிறைமதி:

கடைசியாக ஒன்று. ஒலிப்பதிவுக்குச் சந்தேகத்துக்குரியவர் சம்மதிக்கவில்லை என்றால்?

---

ஆதிரை:

அப்படியென்றால் கேள்வி-பதில் வடிவிலேயே கையால் எழுதுங்கள். "தான் 7 மணிக்குக் கிளம்பியதாகக் கூறினார்" என்று சுருக்கினால், அவர் தானாகச் சொன்னாரா, நீங்கள் "7 மணி இருக்குமா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினாரா என்பது தெரியாது. கேள்வியையும் முழுதாக எழுதுங்கள். அவர் பயன்படுத்திய பேச்சுச் சொல்லை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டாம். மௌனமாக இருந்தால் "(பதில் இல்லை)", அழுதால் "(அழுகிறார், 11.20 முதல் 11.30 வரை இடைவேளை)" என்று நேரத்தோடு குறியுங்கள். முடிந்ததும் உரக்கப் படித்துக்காட்டி, திருத்தம் சொன்னால் பழையதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு மேலே எழுதி அவரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண், மொத்தப் பக்கம், இரு தரப்புக் கையெழுத்து. வரிகளுக்கு இடையிலும் பக்கத்தின் அடியிலும் வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். கையெழுத்திட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மறுத்தார் என்றும், சொன்ன காரணத்தையும் எழுதிக் குழுவினர் ஒப்பமிட்டால் போதும். ஒரு நகலை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.